தாம்பூலப் பையில் ஒரு மடக்குக் கத்தி

எங்கள் கட்டிடத்தின் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாம் மாடிக்காரர் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் அவருடைய மகள் உயர்ரக மடக்குக் கத்தி ஒன்று வாங்கி வருகிறாளாம். நான் வைத்திருக்கும் அதே கம்பெனி. தினமும் கூடவே வைத்துக்கொள்ள அது சரிப்படுமா, அனுபவஸ்தர் சொல்ல வேண்டும் என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டிருந்தார்.

அந்த அனுபவஸ்தர் நான்தான். இரண்டு வருடங்களுக்கு முன் இதே குழுவில் அந்தக் கத்தியைப் பற்றி மூன்று பகுதிகளாக எழுதினேன். எஃகின் தரம், பூட்டின் உறுதி, கைப்பிடியின் பிடிமானம் எல்லாம் அதில் இருந்தன. அப்போது அந்தக் கத்தியால் நான் வெட்டியிருந்தது ஒரே ஒரு கூரியர் உறை. அதையும் பாதி வெட்டியதும் கத்தியில் பசை ஒட்டுகிறது என்று நிறுத்திவிட்டு, மீதியைக் கையால் கிழித்தேன். இதை நான் மூன்று பகுதிகளில் எதிலும் எழுதவில்லை.

இந்த முறை உண்மையைச் சொல்ல வேண்டும். குழுவில் போட முடியாத நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கத்தி என் எழுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மகன் அனுப்பியது. முப்பத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். பென்சில் சீவுவதற்குக்கூட அங்கே வேறு ஆள் இருந்தார். இவனுக்கு ஏன் கத்தி என்று மகன் யோசித்ததாகத் தெரியவில்லை. மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட். அதில் கத்தியின் உருவத்துக்கே ஒரு குழி. பக்கத்தில் சின்ன எண்ணெய்ப் புட்டி, துடைக்க மஞ்சள் துணி, வாழ்நாள் உத்தரவாத அட்டை. யாருடைய வாழ்நாள் என்று அட்டையில் இல்லை.

"உங்க வாழ்நாளா இருந்தா அவாளுக்கு ஒண்ணும் பெரிய நஷ்டம் வராது" என்றாள் என் மனைவி.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அது பேனாக்கத்திதான். எத்தனை முறை திருத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. முதல் மாம்பழப் பருவத்தில் நான் அந்தக் கத்தியால் பழம் நறுக்க உட்கார்ந்தேன். அவள் எதிரே அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் முதல் பழத்தின் காம்பை எந்தக் கோணத்தில் அணுகுவது என்று முடிவு செய்வதற்குள் அவள் ஆறு பழம் முடித்துக் கையும் கழுவிவிட்டாள். தோற்றவன் மரியாதையாக, இதையும் கழுவி வை என்று கத்தியை அவளிடம் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையில நீட்டாதேங்கோ. கீழ வைங்கோ, நான் எடுத்துக்கறேன்."

"வெள்ளைக்காரன் பண்ணின கத்திக்குமா இந்த சாஸ்திரம்?"

"கத்திய யார் பண்ணினா என்ன? சண்டை நமக்குள்ளதானே வரும்?"

கீழே வைத்தேன். இந்த வழக்கத்தை நம் வீடுகளில் யாரும் சொல்லித்தந்து கற்பதில்லை. உப்பையும் கத்தியையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அன்றைக்குச் சிரித்தேன்.

கத்தியைக் காற்சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப் உண்டு. வீட்டில் நான் வேட்டிதான் கட்டுவேன். வேட்டியில் மாட்டினால் கத்தி தன் எடையால் வேட்டியையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கும். ஒருமுறை மாடிப்படியில் அது நடந்தது. முதல் மாடிக்காரர்கள் அதைப் பற்றி இன்றுவரை பேசாதது அவர்கள் பெருந்தன்மை. அதன் பிறகு கடைக்குப் போவதானாலும் பேன்ட்தான். மாட்டுங்கா மார்க்கெட்டில் கயிறு கட்டிய எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் என் கை இடுப்புக்குப் போகும். பூக்காரம்மா நாரைப் பல்லால் கடித்து அறுப்பதைப் பார்த்து ஒருநாள் கத்தியை எடுத்து விரிக்க ஆரம்பித்தேன்.

"மாமா, நீங்க அதத் தொறக்கறதுக்குள்ள பூ வாடிடும்" என்று சொல்லி, அடுத்த முழத்தையும் கடித்துக் கொடுத்தாள்.

அந்தக் கத்தியைத் தினமும் பார்த்த இன்னொருவர் அண்ணாச்சி. தாராவி மெயின் ரோட்டில் தோல் பெல்ட்டும் பையும் விற்கும் கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடங்களுக்கு முன் அவருடைய பாலிசிப் படிவத்தில் பிழை என்று நான் திருப்பி அனுப்ப, மறுநாள் திருத்தி எடுத்து வந்தார். கூடவே ஒரு பெல்ட். லஞ்சம் வாங்கமாட்டேன் என்று குரலை உயர்த்தினேன். "லஞ்சமில்ல சார். நேத்துப் பாத்தேன், உங்க பேன்ட் எறங்குது" என்றார். அன்று தொடங்கிய சிநேகம். ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் அவர் கடைக்கு நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது என் வழக்கமாகிவிட்டது.

அவர் கடையில் தோல் வெட்டுகிறவர்கள் உடைந்த ரம்பத் தகட்டைத் தீட்டி, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் வெட்டுவார்கள். நான் அவர்கள் முன்னால் உட்கார்ந்து என் கத்திக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பேன்.

"இன்னைக்கு என்னத்த வெட்டுனீங்க சார்?" என்று அண்ணாச்சி தினமும் கேட்பார்.

"ஒண்ணுமில்ல."

"ஒரு வேலையும் செய்யாது, ஆனா தெனம் எண்ணெய் தேச்சுத் தொடச்சு விடணும். இது கத்தியில்ல சார், வீட்டோட மாப்பிள்ள."

நிஜ மாப்பிள்ளை ஒருவர் அவருக்குக் கிடைக்காமல் இருந்தார். மனைவி இல்லாத வீடு. கடைசி மகளுக்கு முப்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்த வரன்களில் பாதியை அவள் வேண்டாம் என்றாள், மீதிப் பேர் இவளை வேண்டாம் என்றார்கள். இந்த வருடம் மரோல் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகனை அவளுக்குப் பிடித்தது. அவனுக்கும் இவளைப் பிடித்தது. இனிப் பெரியவர்கள் இரண்டு பேர் போய்த் தாம்பூலம் வைத்துப் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த ஒன்று கைவிட்டுப் போனால் அவள் இனி யாரையும் பார்க்கவே சம்மதிக்கமாட்டாள் என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லியிருந்தார். பிறகு, என்னைத்தான் துணைக்கு வரச் சொன்னார்.

"ஏன் அண்ணாச்சி, உங்க சொந்தத்துல யாருமில்லையா?"

"இல்லாமலா? அவனுவ வந்தா வாயத் தொறப்பானுவ. நீங்க வந்தா சும்மா இருப்பீங்க. படிச்ச களை வேற இருக்கு."

அவர் என்னிடம் எதிர்பார்த்தது சும்மா இருப்பதை மட்டும்தான். அதை நான் எங்கே செய்தேன் என்பதுதான் விஷயம்.

புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குமுன் தாம்பூலம் வைத்தாக வேண்டும். காரில் போனால் டிராஃபிக் நம் கையில் இல்லை என்று, புதிதாகப் பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவில் போக முடிவு செய்தோம். அண்ணாச்சி கையில் பெரிய துணிப்பை. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஆப்பிள், கற்கண்டு, ஒரு டப்பா அல்வா. தாராவி ஸ்டேஷன் படியில் இறங்கி, டிக்கெட் எடுக்கக் கண்ணாடி தேடுகையில் பையை என்னிடம் கொடுத்தார்.

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். கொண்டு போகக் கூடாத பொருள்களின் படங்கள். முதல் படமே கத்தி. என் மனதில் முதலில் வந்தது, இதில் வரைந்திருப்பது மட்டமான கத்தி என்பதுதான். இரண்டாவதாகத்தான் இடுப்பு நினைவுக்கு வந்தது. நான் எப்போதும் லோக்கல் ரயிலில் போகிறவன். அங்கே தள்ளி ஏற்றுவார்களே தவிர யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

நேரே சொல்லியிருக்கலாம். கடைக்குத் திரும்பி நடந்து வைத்துவிட்டு வர இருபது நிமிடம் ஆகும், நேரம் இருந்தது. ஆனால் "மாப்பிள்ளயையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அந்த ஒரு கேலிக்குப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிறகு மூளை வேலை செய்தது. இடுப்பில் இருந்தால்தான் கத்தி ஆயுதம். ஆப்பிள்களோடு இருந்தால் அது பழம் நறுக்குகிற கத்தி. விண்ணப்பங்களை முப்பத்தாறு வருடம் பகுத்துப் பார்த்த மூளை அப்படித்தான் பகுத்தது. கிளிப்பை விடுவித்து, வெற்றிலைக் கட்டுக்கும் ஆப்பிளுக்கும் நடுவே கத்தியைச் செருகினேன். அண்ணாச்சி டிக்கெட்டோடு வந்தார். பையை அவர் கையில் கொடுத்தேன்.

முதலில் நான் இரும்பைக் கண்டுபிடிக்கும் இயந்திர வாசலுக்குள் நடந்து போனேன். இயந்திரம் சத்தம் போடவில்லை. காவலர் என் சட்டையைத் தடவி, போகலாம் என்று கை காட்டினார். பின்னால் பை எக்ஸ்ரே இயந்திரத்தின் பெல்ட்டில் ஏறியது. பெல்ட் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யே பேக் கிஸ்கா ஹை?" பை யாருடையது என்று கேட்டார்.

"மேரா" என்றார் அண்ணாச்சி. என்னுடையது என்று பெருமையாகவே சொன்னார். அல்வா வாசனைக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

உள்ளே கத்தி இருக்கிறது, எடு என்றார் காவலர். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கையை விட்டுத் துழாவினார். எடுத்தார். அந்தக் கைப்பிடியை இரண்டு வருடங்களாகத் தினமும் பார்த்தவர். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் எத்தனை மணிக்கு என்ற பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஹாத் மே தோ, சாச்சா" என்று காவலர் கையை நீட்டினார்.

அண்ணாச்சி பின்வாங்கினார். மகளுக்கு நிச்சயம் பண்ணப் போகிற வழியில் கத்தியை ஒருவர் கையில் கொடுப்பதா? குனிந்து தரையில் வைத்தார். "ஹாத் மே நஹீ தேகா ஸாப். நீச்சே ரக்கா. தும் உட்டாவ்." கீழே வைத்திருக்கிறேன், நீயே எடுத்துக்கொள் என்று.

காவலர் இதுவரை இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கையில் கொடு என்றார் மறுபடியும், குரலை உயர்த்தி. அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்தார். "ஹாத் மே தியா தோ ஜகடா ஹோகா, ஸாப்" என்று அன்பாகவே விளக்கினார். நமக்குள் சண்டை வந்துவிடும் என்ற நல்லெண்ணத்தில் அவர் சொன்னார். கத்தியைக் காலடியில் வைத்துக்கொண்டு சண்டை வரும் என்று சொல்கிற கிழவரை அந்த இளைஞர் எப்படி எடுத்துக்கொள்வார்? விசில் ஊதினார். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வரிசையை நிறுத்தினார்கள். கத்தி தரையில் கிடந்தது. அதைச் சுற்றி நான்கு சீருடைகள். எல்லோரும் அதையே பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. உத்தரவு வர வேண்டுமாம்.

அதிகாரி ஒருவர் வந்தார். யாருடையது என்று கேட்டார்.

இரண்டடி தூரத்தில் நான் நின்றேன். அண்ணாச்சி இந்தத் தடவை என்னைப் பார்க்கக்கூட இல்லை. "மேரா ஹை. ஃபல் காட்னே கேலியே" என்றார். பழம் நறுக்க.

அதிகாரி என்னிடம் திரும்பினார். நீங்கள் இவரோடு வந்தவரா? நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அது எனக்குக் கைவந்த தந்திரம். ஆங்கிலத்தில் சொன்னால் பொய்யும் அலுவலகக் குறிப்பு மாதிரி கேட்கும். "இவரைத் தெரியும்" என்றேன். அவ்வளவுதான். முப்பது வருட சிநேகத்தை இரண்டு சொல்லில் முடித்தேன்.

பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். தாம்பூலப் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக இரும்பு மேஜையில் பரப்பினார்கள். அல்வா டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். பேர், விலாசம், ஆதார் எண் எல்லாம் எழுதினார்கள். பன்னிரண்டு மணி தாண்டியது. ராகு காலம் பிறந்த பிறகு மாப்பிள்ளையின் அப்பா, வரப்போகும் சம்பந்தி, போன் செய்தார். அண்ணாச்சி இருக்கும் இடத்தைச் சொன்னார். பிறகு சம்பந்தியே கிளம்பி வந்துவிட்டார், பட்டு வேட்டியோடு.

மேஜையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். நடுவில் பிளாஸ்டிக் உறைக்குள் கத்தி. வெகு நேரம் பார்த்தார்.

"தாம்பூலத்தோட கத்தியா கொண்டு வருவாங்க?" என்றார்.

"பழம் நறுக்க வச்சிருந்தேன், சம்பந்தி."

"எங்க வீட்ல பழம் நறுக்கக் கத்தி இருக்காதா? நாங்க கத்தி விக்கிறவங்க." ஓரமாக நின்ற என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "சரி. வீட்ல கலந்துட்டுச் சொல்லுதோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கத்தியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவோம், எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் படியேறி வெளியே வந்தோம். அண்ணாச்சி அல்வா டப்பாவை என்னிடம் நீட்டினார். "மாமிக்குக் குடுங்க. வீணாப் போகும்" என்றார். வாங்கிக்கொண்டேன். அதையும் வாங்கிக்கொண்டேன் என்பதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

மறுநாளும் கடைக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்தவரிடம் என்ன சந்தேகம்? டீ வந்தது. என்னத்த வெட்டுனீங்க என்று அவர் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. பல நாள் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை அவருடைய மகள் கடையில் இருந்தாள்.

"அங்கிள், அப்பா எதுக்கு நைஃப் எடுத்துட்டுப் போனாரு? அவரு லெமன் கட் பண்ணாலே கை நடுங்கும். அவங்க வீட்ல இன்னும் அதையேதான் பேசிட்டு இருக்காங்க. அவங்க மம்மி நஹீன்னே சொல்லிடுவாங்க போல."

"தெரியலையேம்மா" என்றேன்.

அண்ணாச்சி பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. போட வேண்டிய ஐந்து ஓட்டைக்கு எட்டு ஓட்டை போட்டுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "நான் அந்த அல்வாவைச் சாப்பிட்டேனே" என்றாள் முதலில். அப்புறம், "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்கோ."

என்னுடையது என்று நிரூபிக்கக் கத்தி கையில் இல்லை. மரப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். உத்தரவாத அட்டையில் என் பெயர் இருந்தது. மெட்ரோவில் போகத் தைரியம் வரவில்லை. வெறும் பெட்டிதான், ஆனாலும் வரவில்லை. அந்தேரி வரை லோக்கல், அங்கிருந்து பஸ்.

பாத்திரக்கடையில் சம்பந்தி குக்கருக்கு ரப்பர் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஓரமா நின்னீங்களே, நீங்கதானே?"

"ஆமாம்." பெட்டியைத் திறந்து காட்டினேன். "அந்தக் கத்தி இதுல இருந்தது. என்னோடது. பையில நான்தான் போட்டேன். அவருக்குத் தெரியாது."

கத்தி இல்லாத குழியை அவர் பார்த்தார். விரலை விட்டு ஆழம் பார்த்தார். எண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தார். அட்டையில் என் பெயரைப் படித்தார்.

"அப்ப அவரு ஏன் தன்னோடதுன்னாரு?"

"எனக்காக."

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"பயந்துட்டேன்."

"இந்த வயசுலயா?"

பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். "என்ன வெல?" என்றார். சொன்னேன். அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அலமாரியிலிருந்து சமையலறைக் கத்தி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "உங்க ஒரு கத்தி வெலைக்கு இதுல ஒரு மூட்ட தருவேன். இது வெட்டவும் செய்யும்." உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு விலையைச் சொன்னார். அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் செய்த துரோகத்தைவிட அது அவர்களைக் கூடுதலாகப் பாதித்தது என்பது என் எண்ணம்.

சம்பந்தி மறுபடி உட்கார்ந்தார். "சிநேகிதனக் காட்டிக் குடுக்காத வீடு. பொண்ண எடுக்கோம். ஒண்ணு மட்டும் சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கல்யாணத்துக்கு வரப்புடாது."

"சரி" என்றேன்.

செம்பூரில் ஒரு ஹாலில் கல்யாணம் நடந்தது. தடை எனக்கு மட்டும்தான் என்று என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வந்தாள். பாயசம் நன்றாக இருந்ததாம். முப்பது வருடமாகத் தெரிந்த பெண்ணின் கல்யாணத்தன்று நான் வீட்டில் உட்கார்ந்து நேற்றைய ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிட்டேன். எனக்கு அது போதாத தண்டனை என்றே பட்டது.

மூன்றாம் மாடிக்காரருக்கு என் பதில் இதுதான். கத்தி உயர்ந்த சரக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. வேட்டியில் மாட்டாதீர்கள். மெட்ரோ, மால், சினிமா எங்கும் விடமாட்டார்கள், ஆகவே தினமும் கூட வைத்துக்கொள்ள நம் ஊரில் இடமில்லை. யாருடையது என்று கேட்டால் உடனே என்னுடையது என்று சொல்லக்கூடியவர் வீட்டிலாவது வைத்துக்கொள்ளலாம். எனக்குச் சரிப்படவில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அன்று காலையில்தான் கத்தியை எழுதிக் கொடுத்து வாங்கி வந்திருந்தார்.

"நீங்க மரோலுக்குப் போனது தெரியும், சார்."

"சம்பந்தி சொன்னாரா?"

"கத்தி வெலையச் சொல்லத்தான் போன் பண்ணாரு. கூட அதையும் சொன்னாரு." பெல்ட் ஒன்றைச் சுருட்டி வைத்தார். "ஸ்டேஷன்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி குனிந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய கத்தியை எடுத்தார். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். நீட்டிய கையை அவர் பார்த்தார். கத்தியைக் கல்லாப்பெட்டிமேல் வைத்தார், கையை எடுத்துக்கொண்டார்.

"எடுத்துக்கிடுங்க" என்றார்.

எடுத்தேன். கைப்பிடியில் ஸ்டேஷன்காரர்கள் நூலால் ஒரு காகித அட்டை கட்டியிருந்தார்கள். அதில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். அந்த நூலை அறுக்க நல்ல கூர்மையான கத்தி என் கையிலேயே இருக்கிறது. இன்றுவரை அறுக்கவில்லை.